பனி என்றால் பனிதான்

...சிவப்பாம், அதுவும் பத்மஜாவுக்கு! கட்டில் மேலேயே சப்பணம் போட்டு ஆரஞ்சு உரித்துத் தின்னும் இந்தக் கூட்டத்தில் எவளுக்காவது வரட்டும், அவன் தங்கைக்கு எதற்கு வர வேண்டும்? ஸ்ரீநிவாஸ் லேப்டாப்பை மடியில் சாய்த்துப் பார்த்தான். கழக்கூட்டத்து ஆபீஸில் ராப்பகலாக உட்கார்ந்து அவன் எழுதிய ப்ரோகிராம், பிரசவ வார்டில் யாருக்கு ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றும் என்று முன்கூட்டியே சொல்லும், ஆபத்தென்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை, சிவப்புக் கட்டிலுக்கு டாக்டர் உடனே போக வேண்டும்... இவ்வளவுதான், இதைப் புரிந்துகொள்ளக்கூட இங்கே ஒருத்தருக்கும் துப்பில்லை. கையைக் கழுவச் சொன்னால் மோதிரம் நனையுமே என்று பார்க்கிற ஜென்மங்கள். இன்றைக்கென்று ஆஸ்பத்திரி முதலாளி வேறு வரப்போகிறான், இதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண, எழுதினவனின் தங்கையே சிவப்பில் கிடந்தால் சிரிக்க மாட்டானா?

ப்ரோகிராமில் இதை யார் ஏற்றினது என்று நர்ஸைக் கேட்டான். ஷீனா, பாறசாலைக்காரி, அரைத் தமிழ் அரை மலையாளம், இரண்டும் உருப்படியில்லை. "சாரே, காலையில பனி உண்டுன்னு பறஞ்சாங்க, அதான் கேற்றினேன்," என்றாள். பனி! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், யார் இல்லையென்றது, ஆனால் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்து அம்மாவுக்குப் பனி என்றால் பனிதானே, மார்கழியில் இறங்குவது, பெற்றவளுக்கு ஆகவே ஆகாதது, காதில் பஞ்சை வை, ஜன்னலைச் சாத்து... அம்மா காலையில் வந்ததும் வராததுமாக அதைத்தான் உபதேசம் பண்ணியிருப்பாள், இந்த மகராசி காய்ச்சல் என்று தட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு ஜுரம் என்று பேரம்மா. "இது மார்கழிப் பனி சிஸ்டர், உங்க பனி இல்லை. தெர்மாமீட்டர் நார்மல்னுதானே காட்டறது?" ஷீனா முகம் சுருங்கி, "சார் சொன்னா சரி," என்று நகர்ந்தாள். அவனே ஒரு தட்டு தட்டினான், பச்சை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் சூடாமணி வந்தாள், சிவப்புக் கட்டில்களில் நின்றாள், பத்மஜாவைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். பார்த்தாயா, எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது!

எதிர்க்கட்டிலில் ஒரு மாமி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி அதே விரலைத் தன் உதட்டில் வைத்து முத்தமிட்டாள், சீ, இவர்களுக்கெல்லாம் ப்ரோகிராம் ஒரு கேடு... "அண்ணா, ஃபேனை அணையேன்," என்றாள் பத்மஜா, போர்வைக்குள்ளிருந்து. இரண்டு போர்வை. எப்போது இரண்டாவது வந்தது? அப்போது அம்மா வாலாம்பாள் ஃப்ளாஸ்க்கோடு மூச்சிரைக்க நுழைந்தாள். "ஏம்மா, காலம்பற வந்து நர்ஸ்கிட்டப் பனி கினின்னு உளறினியா?" "காலம்பறயா? இப்பத்தானேடா பஸ்ஸை விட்டு இறங்கறேன், கோட்டையில ரோட்டையே அடைச்சுட்டான்..."

அப்படியானால்... யார் சொன்னது? மலையாள ஸ்கூலிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், பச்சைப் பாவாடையும் ரெட்டைப் பின்னலுமாக, அண்ணா எனக்குப் பனிடா என்று இவள் நின்றாளே, அவன் அவள் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கேடீ பனி, காட்டு பார்ப்போம், மலையாளத்துக்காரி, என்று கெக்கலி கொட்டினானே, அவள் அழுதுகொண்டே நடுங்கினாளே. இவள் வாயில் என்றைக்கு ஜுரம் வந்திருக்கிறது, பனிதானே வரும். நெற்றியில் கை வைத்தான், சுட்டது. தையல் வலிக்கு ஏற்றின மருந்து தீர்ந்திருக்கும், ஜுரத்தையும் அதுதான் அமுக்கி வைத்திருந்தது, இது உனக்குத் தெரியாதாடா, தெரியுமே, ப்ரோகிராமில் நீயே எழுதினாயே, பெரிய புத்திசாலி... வாசலுக்கு ஓடினான், ஷீனா வராந்தாவில் போய்க்கொண்டிருந்தாள், கூப்பிட வாயைத் திறந்தால் ஜுரம் என்ற வார்த்தை வரவில்லை, "சிஸ்டர், பனி! பத்மஜாவுக்குப் பனி!" என்றுதான் வந்தது.

ஷீனா நின்றாள். திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எந்தப் பனி, சாரே?"