ஒன்பதாவது ஓட்டை

கிளேட்டனின் காருக்குப் பக்கத்தில் ஏழு பேர் மண்டியிட்டிருந்தார்கள். ஏழு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, சான் பெர்னார்டினோ மலை உச்சியில் உள்ள பேன்கேக் கடையின் வாசலில் இதற்காக மண்டியிட்டிருந்தார்கள். எஞ்சினை யாரும் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு உட்புறம், பிரேக் டிரம்மை மூடிக்கொண்டு நிற்கும் பேக் பிளேட்டைத்தான் பார்த்தார்கள். பாலாடை நிறத்தில் பெயிண்ட் அடித்த அந்தத் தகட்டின் ஓரமாக, வளைவாக, ஒன்பது ஓட்டைகள்.

"ஒரு தபால்காரன் கையில இப்படி வருமா?" என்றான் எங்கள் பழைய கார் கிளப்பின் தலைவன் மெர்ல். "டுவைட், நீ இருபத்தாறு வருஷமா லேத்துல நிக்கிற. உன்னால முடியுமாப்பா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தபால்காரன் கிளேட்டன் என் தங்கை மார்லாவின் கணவன். ஓட்டை போட்டது என் பட்டறையில், என் டிரில்லிங் மெஷினில். மூன்று சனிக்கிழமை வந்தான். "முடிஞ்சதும் பாரு மச்சான், இப்ப பாக்காத" என்று கதவைச் சாத்திக்கொண்டான். என் பட்டறைக்கு வெளியே நான் நின்றேன். பிரேக் சூடாகாமல் காற்று போகத்தான் ஓட்டை என்று எங்கள் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். சுத்தப் பொய். அழகுக்காகத்தான். அந்தக் காலப் பந்தயக்காரர்கள் எடை குறைக்க ஓட்டை போட்டார்கள், அதைப் பார்த்து நாங்கள் போடுகிறோம், கல் உள்ளே போகாமலிருக்கப் பின்னால் கம்பி வலையும் வைக்கிறோம். ஒன்றுக்கும் உதவாத ஒரு வேலையைத்தான் அவன் என்னைவிட நன்றாகச் செய்திருந்தான். உதவுகிற வேலை என்றால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனபோது ஒரு காரியம் செய்தேன். கிளேட்டன் கொல்லையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அவன் கார் ஷெட்டுக்குள் நுழைந்தேன். பேக் பிளேட் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, ஓட்டைகளின் அச்சை எடுத்தேன். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் எட்டு வட்டம்தான் விழுந்திருந்தது. ஆறாவது இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறம். அவசரத்தில் காகிதம் நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதையும் கண்ணால் பார்த்தவன்தானே நான்? காம்பஸை எடுத்து அந்த ஒன்றை நானே வரைந்து நிரப்பினேன்.

வியாழக்கிழமை அதை நகலெடுத்து, என் காரின் பேக் பிளேட்டில் ஒட்டி ஒன்பதையும் துளைத்தேன். 1940ஆம் வருடத்துத் தகடு, இரண்டு வருடம் தேடி வாங்கியது. துளைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ உரசி நகர்வதற்கென்று சின்னச் சின்ன மேடுகள் தட்டியிருப்பார்கள். ஆறாவது ஓட்டை ஒரு மேட்டின் நடுவிலேயே போயிருந்தது. அப்படியே ஓட்டினால் ஷூவின் விளிம்பு ஓட்டையில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், கார் அந்தப் பக்கமே இழுக்கும். மலை இறக்கத்தில் அந்தப் பக்கம் பள்ளம்.

கிளேட்டனின் காரிலும் அதே ஓட்டை. பக்கத்து இருக்கையில் என் தங்கை.

வியாழன் சொல்லவில்லை. வெள்ளி சொல்லவில்லை. சனிக்கிழமை போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். திருடினேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. அவன் வேலையில் தப்பு கண்டுபிடித்த சந்தோஷம் எனக்குள் இருந்தது. அது குரலில் தெரிந்துவிடும் என்று பயந்தேன். மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஞாயிறு காலை பழைய பிக்கப் வண்டியில் அவர்கள் பின்னால் ஏறினேன். என் காரில் கிளட்ச் தகராறு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

பேன்கேக்கைத் தட்டிலேயே விட்டேன். எல்லோரும் கிளம்பினார்கள். மார்லா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

"இறங்கு மார்லா," என்றேன்.

"என்னண்ணா, என்ன ஆச்சு?"

"இந்தக் கார்ல நீ கீழ போகக் கூடாது. கிளேட்டன், உன் ஆறாவது ஓட்டை ஷூ மேட்டுல போயிருக்கு. பிரேக் மாட்டிக்கும்."

சத்தமாகவே வந்துவிட்டது. மெர்ல் திரும்பினான். "ஆரம்பிச்சிட்டான்யா. காலையிலேர்ந்து மூஞ்சி சரியில்லன்னு அப்பவே நெனச்சேன்."

"பொறாமையிலதான் சொல்றேன்னு வச்சுக்கோ. வீல கழட்டிப் பாருங்க!"

கிளேட்டன் கோபப்படவில்லை. காரைச் சுற்றி வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான். "வீல கழட்ட வேணாம் மச்சான். விரல வச்சுப் பாரு."

நானும் குந்தினேன். முதல் ஓட்டையில் விரல் நுழைந்து கம்பி வலையில் இடித்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் விரல் நுழையவில்லை. லேசான ஒரு குழிக்குள் இறங்கி, வழவழவென்று வெளியே வந்துவிட்டது. விரலைப் பார்த்தேன், மறுபடியும் தடவினேன். உள்ளே மேடு என்றால் வெளியே அது குழி; என் தகட்டில் நான் ஒட்டிய காகிதம் அதை மறைத்திருந்தது. அந்தக் குழிக்குள் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான்.

"மேடு இருக்குறதப் பாத்துட்டேன்," என்றான் கிளேட்டன், கொஞ்சம் வெட்கத்தோடு. "எட்டோட விட்டா நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. அதான் பிரஷ எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா."

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். மெர்ல் அவன் முதுகில் அறைந்தான். ஓட்டையைவிடப் பெயிண்ட்டுக்கு அதிகப் பாராட்டு கிடைத்தது.

மார்லா மட்டும் சிரிக்கவில்லை. "உள்ள மேடு எந்த இடத்துல இருக்குன்னு உனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றாள். பிறகு, "எப்பலேர்ந்து தெரியும்?"

பதில் சொல்ல நிமிர்ந்தபோது சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதம் நழுவித் தரையில் விழுந்தது. ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளேட்டன் எடுத்து விரித்தான். பென்சில் தேய்த்த சாம்பல் பரப்பில் எட்டு வட்டங்கள், மங்கலாக, கோணல்மாணலாக. நடுவில் ஒன்று மட்டும் கூர்மையாக, சுத்தமாக, காம்பஸ் முனை குத்திய புள்ளியோடு.

அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தான்.

"என்னது அது?" என்று மெர்ல் எட்டிப் பார்த்தான்.

"பெட்ரோல் பில்லு," என்றான் கிளேட்டன். நான்காக மடித்து என் பையில் வைத்து, மேலே ஒரு தட்டும் தட்டினான். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

கார்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. அவன் கார் என்னைக் கடந்தபோது மார்லா திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வளைவில் அவன் பிரேக்கை மிதித்தான். கார் எந்தப் பக்கமும் இழுக்காமல், நேராக, மெதுவாக வளைந்து போனது. நான் அங்கேயே நின்றேன். விரல் நுனியில் அந்த வழவழப்பு இன்னும் இருந்தது.