பெடலைத்தான் கேட்டேன்

பெண் பார்க்க வருகிற நாளில் பெண் காருக்கடியில் கிடந்தால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்? ஜெயலட்சுமி இரண்டாம் மாடி பால்கனியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னிக்காடீ இந்த வேலை? சாயங்காலம் அவங்க வந்துடுவாங்க. ஜல்தி மேல வா!"

"பிரேக் ஹோஸ் வீங்கியிருக்கும்மா. இதை நம்பி அவங்களை ஏத்தினா சம்பந்தம் ரிங் ரோட்டோட முடிஞ்சிடும்," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் மதுமதி.

அவள் சொன்னதில் பொய்யில்லை. டில்லி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்ட பையனின் பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து வந்து சாணக்யபுரி விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தார்கள். டிபன் முடிந்ததும் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது இந்த வீட்டுக் காரின் பொறுப்பு. காலையில் ஓட்டிப் பார்த்தபோது பெடல் மெத்தென்று உள்ளே போனது. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அப்பா பாலசுப்ரமணியத்தை மிதிக்கச் சொல்லிப் பார்த்தாள். பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், மிதிக்க மிதிக்க ஒரு இடத்தில் புடைத்துக்கொண்டு வந்தது. மடக்கிப் பார்த்தால் நுனியில் பொடிப்பொடியாக விரிசல். மறுபக்கத்துக் குழாயும் யோக்கியமில்லை.

கார் சாமான் கடைகள் இருக்கிற காஷ்மீரி கேட் போய்ப் புதுசு வாங்கிவந்து, முறுக்கிக்கொள்ளாமல் மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்தும் ஆயிற்று. மிச்சம், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் போச்சு, காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும். மிதிக்க வேண்டிய அப்பாவோ வாழைக்காய் வாங்கப் போய்விட்டார். நல்ல வாழைக்காய் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி. வீடு இருக்கிற ஜனக்புரியில் வாழைக்காயே விளையாதது போலப் பேசுவார்.

யாரைக் கூப்பிடலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது காருக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளை ஷூக்கள் வந்து நின்றன.

"பாலசுப்ரமணியம் சார் வீடு... இதுதானா?"

மதுமதி தலையை வெளியே நீட்டினாள். ஐயோ, அவனேதான்! அம்மாவுக்குத் தெரியாமல் எத்தனை தடவை பார்த்திருப்பாள் அந்தப் போட்டோவை. கௌதமன்.

"மெட்ரோ சீக்கிரம் வந்திடுச்சு," என்று அசடு வழிந்தான். "நீங்க... மதுமதி?"

"ஆமாம். சாயங்காலம் வேற மாதிரி இருப்பேன். இப்ப வந்து உட்காருங்க."

"மேலயா?"

"டிரைவர் சீட்ல. நான் சொல்ற வரைக்கும் பெடல்லேர்ந்து காலை எடுக்கக் கூடாது."

"அச்சா ஜி," என்று சொல்லி அவன் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தான். முதல் சக்கரம் மளமளவென்று முடிந்தது. குமிழி குமிழியாகக் காற்று வந்து, பிறகு தெளிந்த ஆயில் மட்டும் வந்தது. அவள் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

"உங்களுக்கு இந்தப் பெண் பாக்கிறதெல்லாம் ஓகேவா?" என்று சீட்டிலிருந்து கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. இதற்கு முன் வந்துபோனவர்கள் எல்லாம் பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்று எழுந்தவர்கள். ஒருத்தராவது சொன்னார்களா என்றால் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா ஓடுவதைப் பார்க்க மதுமதிக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தடவை பயம் வேறு. இவனை அவளுக்குப் பிடித்திருந்தது. இவன் வீட்டிலும் அதே பாட்டைப் பாடிவிட்டுப் போனால் தாங்க முடியாது.

"ஓகேவெல்லாம் இல்ல. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, மூஞ்சிக்கு நேரா சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்று பொரிந்து தள்ளினாள்.

சொல்லித் தீர்த்ததில் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. வேலையில் மூழ்கினாள். நிப்பிளில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, அப்பாவிடம் கேட்கிற பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"பிடிச்சிருக்கா?"

பெடலைத்தான் கேட்டாள். சத்தியமாகப் பெடலை மட்டும்தான். ஆனால் டில்லியில் பிறந்து வளர்ந்த கௌதமனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். நேராகச் சொல் என்று இப்போதுதான் திட்டியிருக்கிறாள், இதோ நேராகவே கேட்டும்விட்டாள். இதை உட்கார்ந்துகொண்டு சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தானோ என்னவோ, கதவைத் திறந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கீழே இறங்கி நின்றான்.

"பிடிச்சிருக்கு! ரொம்பப் பிடிச்சிருக்கு!"

முதல் 'பிடிச்சிருக்கு'விலேயே மதுமதி நிப்பிளைத் திறந்திருந்தாள். மிதிக்க ஆளில்லாத பெடல் மேலே வர, காற்று கொர்ரென்று உள்ளே போனது.

"ஐயையோ, காலை ஏன் எடுத்தீங்க?" என்று பதறி எழுந்தாள். "நான் பெடலைக் கேட்டேன்!"

கௌதமனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "நான்... பெடலைச் சொல்லல," என்றான்.

மூன்றாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுந்தரவல்லி மாமி கையிலிருந்த புடவையைக் கீழே போட்டுவிட்டாள். சமையலறை மிக்ஸி சத்தத்தில் அம்மாவுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. மதுமதிக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்றே தெரியவில்லை. கன்னத்தில் கிரீஸ் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

"மறுபடியும் முதல்லேர்ந்து," என்றாள், குரலை எப்படியோ கட்டுப்படுத்திக்கொண்டு.

இந்தத் தடவை ஒழுங்காக முடிந்தது. அவள் பிளாக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பெடல் கல் மாதிரி நின்றது, மிதித்த இடத்தில் கார் நின்றது.

சாயங்காலம் எல்லாம் முறைப்படி நடந்தது. கேசரி, ஐ.என்.ஏ. வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. ஒத்தாசைக்கு வந்த சுந்தரவல்லி மாமி தட்டுடன் நின்றாள். கௌதமனின் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு கனைத்தார்.

"அப்ப நாங்க ஊருக்குப் போயி, கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்..."

ஜெயலட்சுமியின் முகம் விழுந்துவிட்டது. மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானம் கேட்டதெல்லாம் கனவா?

"இதென்ன கூத்து!" என்றாள் மாமி. "பையன்தான் கீழ நின்னு கத்தினாரே, பிடிச்சிருக்குன்னு! மூணாம் மாடி வரைக்கும் கேட்டுது. இன்னும் என்னத்தைக் கலந்து பேசறது?"

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். கௌதமனின் அம்மா கோமளாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சொல்லவேயில்லையேலே, திருட்டுப் பயலே! சரி, அவன் சொல்லியாச்சு. ஏ மதுமதி, நீ சொல்லு தாயி. ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

மதுமதி நிமிர்ந்து பார்த்தாள். சோபாவில் கௌதமன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கால் பெடலை மிதிப்பது போலத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பிடிச்சிருக்கு," என்றாள் எல்லாருக்கும் கேட்க. பிறகு அவனைப் பார்த்து, "இந்தத் தடவை விட்டுடாதீங்க," என்றாள்.