இரண்டு படையிலும் செத்தவன்

அந்தப் பழைய போர்த் தொடரை டிவியில் மறுபடி போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரையே கூட்டிவிட்டேன். ஊர் என்றால் என் மனைவி, சம்பந்தி, சம்பந்தியம்மா.

இளவயதில் அந்தத் தொடரில் நான் சிப்பாய். பாதிப் போரை நான்தான் ஜெயித்தேன், மீதியை நான்தான் தோற்றேன். தயாரிப்பாளர் கஞ்ச மகாபிரபு. இரண்டு படைக்கும் ஒரே ஆட்கள். காலையில் பச்சைச் சட்டையில் சாவோம், மத்தியானம் காக்கிச் சட்டையில் சாவோம். என் அளவுக்கு ரத்தம் சிந்தியவன் உலக சரித்திரத்திலேயே கிடையாது. பீட்ரூட் சாறாக இருந்தால் என்ன?

சம்பந்தி கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேட்பார். என் முகம் திரையில் தெரியாவிட்டால் இனி சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை எடுக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார். அதற்கு என் நாக்கையே அறுத்திருக்கலாம். இருந்தாலும் மீசையை முறுக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

தொடர் ஓடியது. எங்கள் முகத்தில் அப்பியிருந்த சேற்றில் மாடி வீடே கட்டலாம்.

"இதுல எது சம்பந்தி நீங்க?"

"அதோ, பச்சைச் சட்டை."

"அது எங்க தாத்தாவாக்கூட இருக்கலாம்."

பச்சைச் சட்டை நெஞ்சைப் பிடித்தது, திரும்பிப் பின்னால் தரையை ஒரு பார்வை பார்த்தது, அப்புறம்தான் விழுந்து செத்தது. சற்று நேரத்தில் எதிரிப் படையில் ஒரு காக்கிச் சட்டையும் அதேபோல. கீழே கல் கிடந்தால் முதுகு என்னாவது? சாகிறவன் இடம் பார்த்தா சாவான் என்று படப்பிடிப்பில் இயக்குநர் தொண்டை கிழியக் கத்துவார். உயிர் உங்களுது சார், முதுகு என்னுது என்பேன்.

சம்பந்தி மசியவில்லை. முகம் எங்கே என்பதிலேயே நின்றார். சம்பந்தியம்மாதான் வாயைத் திறந்தார்.

"முகம் எதுக்குங்க? அண்ணன் நம்ம வீட்டு சோபாவுல உக்காரும்போது பாத்ததில்லையா? பாம்பு கிடக்குமோன்னு ஒருவாட்டி திரும்பிப் பாத்துட்டுத்தான் உக்காருவாரு."

சம்பந்தி என்னை எழுந்து உட்காரச் சொன்னார். எழுந்தேன். உட்காரப் போனேன். கழுத்து தானாகத் திரும்பியது. என் மனைவி சிரித்த சிரிப்பில் நாலு தெரு நாய்கள் குரைத்தன.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சம்பந்தி என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினார். "இவர் ஒரே போர்ல ரெண்டு பக்கமும் உயிரைக் கொடுத்தவர்." அவ்வளவுதான். இப்படியா கஞ்சத்தனமாகச் சொல்வது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் குண்டிலிருந்து நானே ஆரம்பித்தேன்.