கோஸ் பீப்பாயைச் சுற்றிக் கண்மூடி நின்றவர்கள்

கோஸுக்குக் காற்று விடத் தெரியாதவன் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறுகிற முட்டைக்கோஸுக்கு அடியிலிருந்து காற்று ஏற வேண்டும். குறைந்தால் நாறும். கூடினால் இலை துவண்டுவிடும். புக்காரெஸ்டில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் நிலவறையில் வீட்டுக்கொரு பீப்பாய் நிற்கிறது. மற்றவர்கள் ரப்பர் குழாயை அடிவரை விட்டு வாயால் ஊதுவார்கள். எனக்கு நெஞ்சில் அவ்வளவு மூச்சில்லை. பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசரைக் குழாயில் மாட்டியிருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மச்சான் லியோன்தின் எங்கள் வீட்டு சர்மாலேயை வாயில் போட்டான். கறியும் அரிசியும் வைத்துக் கோஸ் இலையில் சுருட்டியது. "என்ன அத்தான், கால் துடைக்கிற துணியிலயா சுத்தினீங்க?" என்றான், முழுச் சபைக்கும் முன்னால். என் பெண்டாட்டியே சிரித்தாள். இந்த வருஷம் அவன் பல்லில் இலை நறுக்கென்று கேட்க வேண்டும். வேறு ஆசை எனக்கில்லை.

நிலவறைக்கு நேர் மேலே சபின் குடியிருக்கிறான். டிஜே வேலை. அவன் போடுவதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் கூசும். பாடுகிறவன் கிடையாது, மெட்டு கிடையாது. தண்ணீருக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல ஒன்று. அதன் பின்னால் மூடுபனி மாதிரி ஓர் இழுவை. எவ்வளவு நேரம் கேட்டாலும் ஒன்றும் நடக்காது. இதற்குப் போய் டிக்கெட் வாங்குகிறார்கள். ஏமாற்று வேலை என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை கம்ப்ரசரைப் போட்டேன். குமிழிகள் அடியில் கிளம்பி, கோஸ்களுக்கு நடுவே நெளிந்து, மேலே வந்து மெதுவாக உடைந்தன. குப். கொஞ்ச நேரம் கழித்து, குப். சபின் வெறுங்காலோடு படியிறங்கி ஓடி வந்தான்.

"மாமா, இது யாரோட டிராக்?"

"கோஸுடா."

"சொல்லமாட்டீங்க, புரியுது. நாங்களும் ரெக்கார்டு மேல ஸ்டிக்கர் ஒட்டிப் பேரை மறைச்சுடுவோம்." பீப்பாயில் காதை வைத்தான். கண் தானாக மூடிக்கொண்டது. "இதுக்கு அடியே தெரியலையே மாமா."

"அடியில மணத்துக்குப் போட்ட சோளக்கதிர் கிடக்கு."

யாருக்கோ போன் போட்டான். சனிக்கிழமைக் கொண்டாட்டம் இன்னும் முடியாத கூட்டம் ஒன்று அப்படியே வந்து இறங்கியது. நிலவறை இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி. வணக்கம் சொன்னார்கள், குறை சொல்வதற்கில்லை. பிறகு பீப்பாயைச் சுற்றி நின்று, அசைபோடும் மாடுகள் மாதிரி ஆடத் தொடங்கினார்கள். ஒரு பெண் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா அழுவுற?"

"ஒண்ணுமே நடக்கல தாத்தா. அதான்."

விரட்ட நினைத்தேன். ஆனால் என் சரக்கைக் கேட்டு எவரும் அழுததில்லை. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். அந்தக் கொஞ்சம் நீண்டுவிட்டது. மூடியைத் தூக்கினால் நுரை விளிம்புவரை நிற்கிறது, மேல் இலை சோர்ந்து கிடக்கிறது. சட்டென்று சுவிட்சை அணைத்தேன்.

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.

"அடியில இடிக்கிற பேஸ் சத்தத்தை எடுத்துட்டார்டா," என்று ஒருவன் கிசுகிசுத்தான். "எப்ப திரும்ப விடுறார்னு பாரு."

"முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கடா!" என்று கத்தினேன்.

விசில் பறந்தது. "யப்பா, கல்நெஞ்சக்காரர்யா இவரு!"

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. சாப்பாட்டு நேரம் போயிற்று. ஜன்னல் கம்பியில் விழுந்த வெயிலும் போயிற்று. கேள்விப்பட்டு இன்னும் பலர் வந்து படிக்கட்டை அடைத்தார்கள். இந்த ஊரில் இவ்வளவு நேரம் பேஸைப் பிடித்து வைத்தவர் யாருமில்லையாம்.

பிளாக் நிர்வாகி ஸெனோவியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"யோவ் நெகுலாய், ஞாயித்துக்கிழமை சத்தம் கூடாதுன்னு தெரியாதா? சண்டை போடத்தான் வந்தேன். இங்க சத்தமே இல்ல, எதைய்யா நிறுத்தச் சொல்றது? எதுக்கு நிக்கிறாங்க?"

"வரும்னு நிக்கிறாங்க."

"எது?"

"எனக்கென்ன தெரியும்?"

அவளும் நின்றாள். சபின் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கெஞ்சிக் கேக்குறேன் மாமா, திரும்ப விடாம ஒருத்தனும் நகரமாட்டான்."

"விட்டா என் கோஸ் போச்சுடா. லியோன்தின் வாயில நான் திரும்ப விழணுமா?"

"என் பீப்பாய்ல விட்டுத் தொலை," என்றாள் ஸெனோவியா. "அதுக்குக் காத்து விட்டு ரொம்ப நாளாச்சு."

குழாயை அவள் பீப்பாய்க்கு மாற்றிச் சுவிட்சைப் போட்டேன். அந்தக் குப் இல்லை, புளுக் புளுக் புளுக். குழந்தை வாய் கொப்பளிப்பது போல. தூக்கிய கைகள் இறங்கின. ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். போகத் தொடங்கினார்கள். நான் கேட்டதும் அதுதானே? கோஸ் பிழைத்தது, நிலவறை காலியாகிறது.

ஆனால் எனக்கே பிடிக்கவில்லை. வயிற்றுக்குள் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. மத்தியானத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. பசி என்று நினைத்திருந்தேன். நானும் அந்தக் குப்புக்குத்தான் காத்து நின்றிருக்கிறேன்.

குழாயைப் பிடுங்கி என் பீப்பாயிலேயே அடிவரை சொருகினேன்.

"யோவ், கோஸ் கொழகொழன்னு ஆயிடும்யா! மச்சானுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"வாயை மூடு ஸெனோவியா," என்றேன். "கண்ணையும் மூடு. இப்ப வருது."