ராஜரத்தினம் சிரிக்கக்கூடாத நாள்கள்

எடின்பரோவுக்குப் போய்க் கண் அறுவை மருத்துவம் படிக்க டாக்டர் சேதுராமனுக்கு இடம் கிடைத்திருந்தது. கப்பல் ஏறவேண்டிய மாதத்தில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். சென்னையில் படித்துவிட்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவனுக்கு, சீமைக்குப் போகவும் வழியில்லை, ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு, மலாக்காவின் காஜா பேராங் தெருவில் தான் குடியிருந்த வீட்டிலேயே தங்கிவிட்டான்.

அது, மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக வாழும் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் ராஜரத்தினத்தின் வீடு. அவர்களுக்குப் பேர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மட்டும் மலாய். ராஜரத்தினத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, ஆள் நிழலாகத்தான் தெரியும். ஆனாலும் அவரைப்போல் வேடிக்கைக்காரர் அந்த வட்டாரத்தில் இல்லை. தட்டில் மரவள்ளிக்கிழங்கு விழுந்தால், இன்றைக்குக் கோழி நல்ல கொழுப்பு என்பார். மனைவி காமாட்சி சிரித்துக்கொண்டேதான் பரிமாறுவாள். சேதுராமன் மலாய் பழகியது அந்தச் சாப்பாட்டு நேரங்களில்தான்.

ஜப்பான் ஆட்சியின் இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறும் டாக்டருக்குத் தோக்கியோவில் கண் மருத்துவப் பயிற்சி. மற்ற டாக்டர்கள் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்கள். ஜப்பானியக் காவல்காரனுக்குக் குனிந்து வணங்காதவன் தெருவில் அறை வாங்கிய காலம் அது. கூட வேலை பார்த்த சீன டாக்டர் ஒருவரை அழைத்துப் போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அவர்களிடம் போய்ப் படிப்பதா என்று சேதுராமனுக்கும் உறுத்தியது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. விழுந்து விழுந்து படித்தான்.

தேர்வு நடத்த வந்தவர் ஹிராயாமா என்ற ராணுவக் கண் டாக்டர். பக்கத்தில் ஓர் அதிகாரி வாளோடு உட்கார்ந்திருந்தார். ஏன் கண்ணைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஹிராயாமா கேட்டார். சேதுராமன் தடுமாறாமல் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னான். தன் ஊரில் வேலை செய்ய உடம்பில் தெம்பிருந்தும், புரை விழுந்ததால் மூலையில் உட்கார்ந்துவிட்டவர்களைப் பற்றிச் சொன்னான். ஹிராயாமா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, உச்சரிப்பு படுமோசம், தேறவில்லை என்று அறிவித்தார்.

சேதுராமனுக்கு முகம் செத்துப்போயிற்று. மறுநாள் காலை வார்டில் ஹிராயாமாவே அவனைத் தேடி வந்தார். ஜப்பானிய மொழியில் பேசினால் அவர்கள் ஆட்களுக்குப் புரிந்துவிடும், ஆங்கிலமோ அவருக்கு வராது. யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தை மலாயில் மெல்லச் சொன்னார்:

"காப்பால் பெர்கி. காப்பால் தா சம்பாய்."

கப்பல் போகிறது, கப்பல் போய்ச் சேருவதில்லை. வழியில் எதிரிகள் மூழ்கடிக்கிறார்கள், அதனால்தான் தன்னைத் தேறவிடவில்லை என்று சேதுராமனுக்குப் புரிந்தது. இங்கே தினமும் காலையில் வா, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன் என்றார் ஹிராயாமா. தேர்வில் தவறியதற்காக அன்று சேதுராமன் கோயிலில் கற்பூரம் ஏற்றினான்.

கசாப்புக்கடையில் ஆட்டுத்தலை கிடைத்தால் கண் அவனுக்கு, மீதி காமாட்சியின் குழம்புக்கு. ஆட்டுக்கண்ணில் அறுத்து அறுத்துக் கை பழகியது. ஒருநாள் ராஜரத்தினம் அவனைக் கூப்பிட்டார்.

"செத்த ஆட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற. உசுரோட இருக்குற நான் என்ன பாவம் பண்ணேன், தம்பி?"

இதை மலாயில்தான் சொன்னார், 'தம்பி' மட்டும் தமிழ்.

அறுவையன்று கத்தி சேதுராமன் கையில் இருந்தது. ஹிராயாமா தோளருகே நின்று "பெலான், பெலான்" என்று, நிதானம் தவறாமல் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். புரை பருப்பு மாதிரி முழுசாக வெளியே வந்தது. நர்ஸ் அஞ்சலை அதைக் கிண்ணத்தில் ஏந்தினாள்.

கஷ்டம் அதன் பிறகுதான். காயம் ஆறும்வரை தலையை அசைக்கக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாகச் சிரிக்கக்கூடாது. கம்போங்கே வாயைப் பொத்திக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த மௌனமே ராஜரத்தினத்துக்குச் சிரிப்பு மூட்டியது. அஞ்சலை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

கட்டு அவிழ்த்த காலையில் ஹிராயாமா ஒரு தடித்த கண்ணாடிவில்லையை ராஜரத்தினத்தின் கண்முன் பிடித்தார். ராஜரத்தினம் எதிரே நின்ற சேதுராமனை உற்றுப் பார்த்தார்.

"மூடா!"

சேதுராமன் பதறிப்போனான். அந்தப் பதற்றத்தில் அவன் காதில் அது தமிழாக விழுந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது, மனிதர் திட்டுகிறார் என்றே நினைத்தான். மலாயில் அந்தச் சொல்லுக்கு 'இளவயது' என்று பொருள் என்பது ஒரு மூச்சு கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு சின்ன வயசென்று தெரிந்திருந்தால் கண்ணைக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்றார் ராஜரத்தினம். எல்லாரும் சிரித்தார்கள், ஹிராயாமாகூட. பிறகு ராஜரத்தினம் காமாட்சியை வெகுநேரம் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதங்களில் ஹிராயாமாவைப் பர்மாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவரைப் பற்றிப் பிறகு செய்தியே இல்லை. போர் முடிந்தபின் சேதுராமன் எடின்பரோவுக்குப் போய்த் தேறி, மலாக்காவுக்கே திரும்பி வந்தான்.

ஆனால் அவன் தன்னை முதன்முதலாகக் கண் டாக்டர் என்று நினைத்தது, ஹிராயாமா போன மறுவாரம், கிளேபாங்கிலிருந்து மாட்டுவண்டியில் வந்த ஒரு மலாய் அம்மாளுக்குத் தனியாக அறுவை செய்தபோதுதான். கட்டு அவிழ்ந்ததும் அந்த அம்மாள் குனிந்து தன் இடுப்பில் சுற்றியிருந்த சாரோங்கைப் பார்த்தாள். இந்தக் கண்ணராவி மஞ்சளையா இத்தனை வருஷமாக எனக்குக் கட்டிவிட்டாய் என்று கூட வந்த மகளைப் பிடிபிடியென்று பிடித்தாள். வார்டு முழுக்க அந்தச் சண்டையை ரசித்தது.