பிள்ளைகள் உள்ள வீடு

படிவத்தில் அது பதினோராவது கேள்வி. பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார்கள்?

அவன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உண்மையான விடை பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. அதுவும் பிள்ளைகள் விரும்பினால். விவாகரத்தின்போது கோர்ட் கொடுத்த தாளில் கடைசி வரி அதுதான். போன இரண்டு முறையும் பிள்ளைகள் விரும்பவில்லை. அப்பா வீட்டில் ஒன்றுமே இல்லை, போரடிக்கிறது என்று மகள் சொன்னதாகத் தகவல் வந்தது.

ஏழு என்று எழுதினான்.

நாய்க் காப்பகத்துப் பெண் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். ஐம்பது வயது இருக்கும். கை முழுக்கப் பழைய கீறல்கள்.

“எத்தனை பிள்ளைங்க சார்?”

“ரெண்டு. பொண்ணுக்குப் பத்து. பையனுக்கு ஆறு.”

“அவங்கம்மா?”

“பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறாங்க.”

அது பொய் இல்லை.

“உள்ள வரும்போது ஒரு வெள்ளைக் குட்டி பாத்தேன்,” என்றான். “அதைக் குடுத்தா போதும்.”

“எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. குட்டி வேணாம் சார். பல்லு மொளைக்கற வயசு. உங்க பையன் கை அதுக்கு எலும்புத்துண்டு மாதிரி. மொத நாள் கொஞ்சுவான், மூணாம் நாள் அழுவான், பத்தாம் நாள் நீங்க குட்டியும் கையுமா இங்க வந்து நிப்பீங்க. பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. வாங்க, வேற ஒருத்தியைக் காட்டறேன்.”

பின்கட்டில் ஒரு பழுப்பு நாய் தட்டில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பெயரும் பொட்டுதான். நான்கு வயது. காப்பகத்துப் பெண் ஒரு குச்சியை எடுத்தாள். அதன் நுனியில் குழந்தையின் கை மாதிரி ரப்பரில் ஒரு கை. அதை நேராகத் தட்டுக்குள் விட்டுச் சாப்பாட்டைக் கலைத்தாள். நாய் தலையைத் தூக்கியது. ரப்பர் கையைப் பார்த்தது. ஒரு அடி பின்னால் போய், கைக்கு இடம் விட்டு நின்றது. அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். காதைத் திருகினாள். பின்னாலிருந்து ஒரு இரும்புத் தட்டைப் போட்டாள். நாய் வந்து ரப்பர் கையை நக்கியது.

“பாத்தீங்களா? உறுமறதுன்னா என்னன்னே இவளுக்குத் தெரியாது. மூணு பிள்ளைங்களோட வளந்தவ. அந்தக் குடும்பம் ஊரை விட்டே போயிடுச்சு. அப்புறம் ரெண்டு வீட்டுக்கு அனுப்பினேன். மொதல்ல ஒரு வயசானவங்க, புருஷன் பொண்டாட்டி, தங்கமான மனுஷங்க. அடுத்தது ஒரு டீச்சரம்மா, தனியா இருக்கறவங்க. ரெண்டு எடத்துலயும் இவ சாப்பிடல. வாசக்கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தாளாம். பிள்ளைங்க இல்லாத வீடு இவளுக்கு வீடே இல்ல சார். அதான் நீங்க ஏழுன்னு எழுதினதும் இவ ஞாபகம் வந்துச்சு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவன் லிப்ட் மெக்கானிக். மறுபக்கம் சரியான எடை தொங்கினால் லிப்ட் லேசாக மேலே ஏறி வரும் என்று பதினைந்து வருஷமாகப் பார்த்தவன். பிள்ளைகள் என்றால் உயிரை விடும் நாய். அதற்காகப் பிள்ளைகள் வருவார்கள். மற்றது தானாக நடக்கும்.

“வீட்ல இருக்கற பிள்ளைங்க எல்லாரும் வந்து இவளைப் பாக்கணும்,” என்றாள் அவள். “அது இங்க கண்டிப்பு.”

மகளுக்குப் போன் செய்தான். “நாயா? நெஜமாவாப்பா?” என்றாள். அப்படி ஒரு குரலில் அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிள்ளைகளை வேனில் கூட்டி வந்தவன் மனைவியின் தம்பி. மனைவி இல்லை என்று ஆன பிறகும் அவன் அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. யாராவது கேட்டால், “கோர்ட்டு அக்காவையும் அத்தானையும்தானே பிரிச்சுது, என் பேரு அந்தத் தாள்ல இல்லையே” என்பான்.

காப்பக வாசலில் மச்சானை நிற்க வைத்துவிட்டு, அவன் மகளைத் தனியாக அழைத்துப் போனான்.

“அவங்க கேட்டா, நாம எல்லாரும் ஒரே வீட்லதான் இருக்கோம்னு சொல்லு. சரியா?”

“ஏன்?”

“இல்லன்னா நாய் தர மாட்டாங்க.”

மகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மாவின் பார்வை. “சரி,” என்றாள்.

உள்ளே நாய் ஓடி வந்து சின்னவனின் காலடியில் குப்புற விழுந்தது. எழுந்து மகளின் முழங்காலை முகர்ந்தது. மறுபடி சின்னவன் மேல் விழுந்தது. காப்பகத்துப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இவளுக்கு யாரு சாப்பாடு வைப்பாங்க?”

“நான்தான்,” என்றாள் மகள். “காலைல ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. சாயங்காலம் அப்பா வர்றதுக்குள்ள ஒரு தடவை.”

“அப்பா எப்ப வருவாரு?”

“ஏழு மணிக்கு. சாப்பிட்டுட்டு எல்லாரும் டிவி பாப்போம். அப்பா தூங்கிடுவாரு. அம்மா திட்டுவாங்க.”

இதை அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. மச்சான் கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

“அப்பா நம்ம வீட்ல இல்லையே,” என்றான் சின்னவன்.

“பகல்ல இல்லன்னு சொல்றான்,” என்றாள் மகள், கண்ணிமைக்காமல். “இவனுக்கு ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி.”

பொட்டு அன்றே வீட்டுக்கு வந்தது.

நான்காவது மாடியில் இரண்டு அறை. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் பத்து மணிக்கு முன்பே வந்தார்கள். ஒரு செருப்பைத் தூக்கிப் போட்டுப் போட்டு மூவரும் இரண்டு அறைகளையும் அதகளம் செய்தார்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து, “என்னங்க, மேல ரயில் விடறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவனுக்கு வாயெல்லாம் பல்.

ஐந்து மணிக்கு மச்சான் வந்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லிப்ட் இறங்கியது. நாய் மூடிய லிப்ட் கதவின் முன்னால் போய் உட்கார்ந்தது. அவன் அரைமணி நேரம் பொறுத்தான். பிறகு தூக்கிக்கொண்டு வந்தான்.

திங்கள் மாலை தட்டு அவன் வைத்தபடியே இருந்தது. செவ்வாயும் அப்படித்தான். கோழி வேகவைத்துப் பார்த்தான். முட்டை வைத்துப் பார்த்தான். கூட வேலை பார்ப்பவன், “பசிச்சா தானா திங்கும்யா, நீ ஊட்டி விட்டுக் கெடுக்காதே” என்றான். சின்னவன் மறந்து விட்டுப்போன ஒரு சாக்ஸைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதில் மூக்கை வைத்தபடி நாய் நாலு வாய் சாப்பிட்டது. மறுநாள் அதுவும் பலிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் மகள் போன் செய்தாள். இதற்கு முன் நடந்திராத விஷயம்.

“அவகிட்ட குடுங்கப்பா.”

அவன் தரையில் மண்டி போட்டு, போனை நாயின் காதில் வைப்பான். மகள் நாயிடம் ஸ்கூலில் நடந்ததையெல்லாம் சொல்வாள். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. கணக்கு டீச்சருக்கு இவளைக் கண்டாலே ஆகாது என்பது. புதிதாக ஒரு தோழி. அவன் நாயின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருப்பான். முழங்கால் மரத்துப்போகும். அசைய மாட்டான்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்பது ஒவ்வொரு வாரமும் என்று ஆனது. யாரும் கோர்ட் தாளை எடுத்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாய் மூன்று தட்டுச் சாப்பிட்டது. திங்கள் கொஞ்சம். அப்புறம் கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

மிருக டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு எடை போட்டார். பதினெட்டு கிலோவில் வந்த நாய் பதினாலில் நின்றது.

“நோய் ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டா ஒரு நாய் எவ்ளோ நாள் தாங்கும்? இதுக்குக் கூட யாராவது இருக்கணும். இல்ல, இதைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

பதினாலு கிலோ இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று அவன் கணக்குப் போட்டான். ஒரு மாதம் என்றால் நான்கு ஞாயிறு. டாக்டரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் நிஜமாகவே அந்தக் கணக்கைப் போட்டான்.

இரண்டு ஞாயிறு கிடைத்தது. இரண்டாவது ஞாயிறு மகள் நாயைக் குளிப்பாட்டினாள். நனைந்த முடி உடம்போடு ஒட்டியதும் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“இவ ஏன் இப்படி இருக்கா?”

“வெயில் காலம்மா. நாய்ங்க இளைக்கும்.”

மகள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

“இவ சாப்பாட்டு மூட்டை முக்கால்வாசி அப்படியே இருக்கு. நான் நாய்க்கு என்ன வெச்சீங்கன்னு கேட்டப்பல்லாம் வயிறு முட்டத் தின்னுச்சுன்னு சொன்னீங்க.”

அவன் குளிப்பாட்டிய வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“நாங்க இவளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

“உங்கம்மாவுக்கு நாய்னா ஆகாது.”

“கேட்டாச்சு. சரின்னுட்டாங்க.”

“எப்ப கேட்ட?”

“போன வாரமே.”

“அப்புறம் இங்க எதுக்கு வருவீங்க?”

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தான். வாய் முந்திக்கொண்டது. சின்னவன் ஈரத் துண்டோடு நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அதுக்காக அவ சாகணுமாப்பா?” என்றாள் மகள்.

சத்தம் போடவில்லை. அழவில்லை. நேரம் கேட்பது போலக் கேட்டாள்.

அவன் பால்கனிக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

“நான் கேக்கல,” என்றாள் அவள். “பிள்ளைங்க கேக்குதுங்க. வெச்சுக்கறதும் அனுப்பறதும் உங்க இஷ்டம்.”

“ஞாயித்துக்கிழமை நாயோட வரணும். எல்லா ஞாயிறும்.”

“வரட்டும். நான் என்னிக்கும் தடுத்ததில்ல. நான் தடுக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது நீங்கதான்.”

அது உண்மை. அவன் போனை வைத்தான்.

நாய் வேனில் தானாகவே ஏறிக்கொண்டது. பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தது. சாப்பாட்டு மூட்டையை மச்சான் தோளில் தூக்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு வந்தார்கள், நாயோடு. இரண்டு மணிக்கே கிளம்பினார்கள். “கதவுகிட்டயே போய் நிக்கறாப்பா, அவளுக்கு இங்க பிடிக்கல” என்றாள் மகள். அதற்கடுத்த ஞாயிறு யாருக்கோ பிறந்தநாள். அதற்கும் அடுத்த ஞாயிறு மச்சான் கூப்பிட்டான்.

“அத்தான், வேன்ல ஏத்தினா அது வாந்தி எடுக்குது. அதை விட்டுட்டு வர மாட்டேன்னு இதுங்க ரெண்டும் ஒரே அடம்.”

“சரி. கட்டாயப்படுத்தாதே.”

“இழுத்துட்டு வரவா?”

“வேணாம்.”



“நான் வேணா வரட்டுமா அத்தான்?”

“நீ வந்து?”

“சும்மாதான்.”

“வேணாம் மச்சான். உன் வேலையைப் பாரு.”

சாயங்காலப் போனும் நின்றது. நாயிடம் பேச மகளுக்கு இப்போது போன் தேவையில்லை. ஓட்டப்பந்தயம் என்ன ஆயிற்று, கணக்கு டீச்சர் என்ன சொன்னாள், அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் கூப்பிட்டால் “ம்”, “நல்லா இருக்கேன்”, “வெக்கட்டுமா?” மூன்று சொல்லில் பேச்சு முடிந்தது.

பொட்டு வந்து மூன்று மாதம் ஆனபோது காப்பகத்துப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிப்ட் கூண்டின் கூரை மேல் உட்கார்ந்து இரும்பு வடத்தின் இழைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், பொட்டு எப்படி இருக்கா? சாப்பிடறாளா?”

“ரெண்டு வேளையும் தட்டை நக்கி வெக்கறா.”

“பிள்ளைங்க?”

“அவளை விட்டு நகர்றதில்ல.”

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார். உங்க பொண்ணு பேசினதைக் கேட்டதும் சரியான வீடுன்னு முடிவு பண்ணிட்டேன்.” அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. “குடும்பமா ஒரு போட்டோ அனுப்புங்க சார். சுவத்துல மாட்டறோம். புதுசா வர்றவங்க பாத்தா ஒரு நம்பிக்கை வரும்.”

மகளுக்குச் செய்தி அனுப்பினான். பத்து நிமிஷத்தில் படம் வந்தது.

அவன் பார்த்திராத பச்சை சோபா. இரண்டு ஓரத்திலும் பிள்ளைகள். நாய் இருவர் மடியிலுமாகக் குறுக்கே படுத்திருந்தது. வயிறு உருண்டு பளபளத்தது. பின்னால் நின்ற மனைவி நாயின் தலையில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். சின்னவனுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

படத்தைக் காப்பகத்துக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது.

அருமை சார். உங்களை மட்டும் காணோமே?

கீழே யாரோ பொறுமையிழந்து லிப்ட் கதவைத் தட்டினார்கள். அவன் கிரீஸ் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினான்.

போட்டோ எடுத்தது நான்தான்.