ஒரு நூல் கோணல்

அந்தத் தையல்கடைக்காரப் பெண் அறைக்குள் நுழைந்தாலே டாக்டர் கோப்பைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

உள்வாங்கிய மோவாயை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி வந்தவள் அவள். முப்பத்தைந்து வயதில் தனக்கென்று செய்துகொள்ளும் ஒரே காரியம் இதுதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். எலும்பை அறுத்து, முன்னே நகர்த்தி, தகடு வைத்துத் திருகுகிற வேலை. அறுக்குமுன் எலும்பில் நடுக்கோடு கீறிக்கொள்ள வேண்டும். இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போகும் என்ற மிதப்பில் டாக்டர் அன்று அதைக் கீறவில்லை. மறுநாள் எக்ஸ்ரேயில் மோவாய் மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நின்றது. படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, வீக்கம்தான், வடிந்தால் சரியாகிவிடும் என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னார்.

மூன்று மாதம் ஆயிற்று. வீக்கம் என்று சொல்ல முகத்தில் ஒரு சுவடும் இல்லை. அவள்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"ஒரு நூல் தள்ளியிருக்கு டாக்டர். துணியில இவ்வளவு கோணினா நான் பிரிச்சுடுவேன். தப்பு என்னோடதுதான். மல்லாந்து படுக்கச் சொன்னீங்க, தூக்கத்துல ஒருக்களிச்சுட்டேன். கெடுத்துக்கிட்டியேன்னு அக்கா தினமும் திட்டுறா."

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. தான் சொன்ன பொய் அவள் வீடுவரை போய்க் குடியேறியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"நீங்க எப்படிப் படுத்தாலும் அது நகராதும்மா. நான் வச்சதே கோணல்."

இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்டாள். மறுநாளே என்றார். திரும்பத் திறந்து நேராக்கித் தருகிறேன் என்று தொடங்கியவரைக் கையமர்த்தினாள். வேறு டாக்டர் செய்யட்டும், நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்றாள். மறைத்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தைப் பையில் வைத்த பின்பும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா வெளியில இருக்கா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க வந்து சொல்லுங்க."

வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அக்காவை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்க வாயெடுத்தவர், விழுங்கிக்கொண்டார். அக்காவின் முன் போய் நின்று, தப்பு முழுக்கத் தன்னுடையது, தங்கை மேல் ஒரு குறையும் இல்லை என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். அக்கா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உன்னப் போய் இத்தன நாள் திட்டிட்டேனேடி," என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் படியிறங்கினார்கள். வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து அவர்கள் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் எதுவும் கேளாதது போல உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் டாக்டரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.